வைசியாள் வீதி: பழைய முகப்பும் புதிய அடுக்கு வீடும்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீட்டை இடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே வடிவத்தைத்தான் கட்டுகிறார்கள்: கீழே கார் நிறுத்தம், மேலே இரண்டு மூன்று தளங்கள், தெருவைப் பார்த்து இரும்புக் கதவு. வைசியாள் வீதியில் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே வீட்டு முகப்புகளை, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

வித்தியாசம் தெருவோரத்து ஆறடியில் இருக்கிறது. பழைய வீட்டில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு தெருவை நோக்கி இறங்கும். அதன் கீழே திண்ணை. உச்சிவெயிலில் வழிப்போக்கருக்கும் நிழல், கிழவிக்குக் காய் நறுக்க இடம். புதிய வீடு அந்த ஆறடியில் காருக்குச் சரிவுப் பாதை போடுகிறது. நடப்பவர் நடுத்தெருவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மேற்கு பார்த்த கண்ணாடி ஜன்னல் வெப்பத்தை உள்ளே இழுக்க, ஏசி பெட்டி அதைத் தெருவிலேயே கொட்டுகிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பாகப்பிரிவினைக்குப் புதிய வீடு வசதி என்பது உண்மை. ஆளுக்கொரு தளம், ஒழுகாத கூரை, அறைக்கொரு கழிவறை. பழைய வீட்டில் ஓடு மாற்றவும் மரம் பார்க்கவும் செலவு ஓயாது.

என் தேர்வு: முகப்பு, திண்ணை, முற்றம் மூன்றையும் விட்டுவைத்து, கூடுதல் தளத்தைப் பின்கட்டில் எழுப்புவது. காரைத் தெருமுனைப் பொது நிறுத்தத்தில் விடலாம். அந்த இடத்தை நகராட்சி ஒதுக்கித் தர வேண்டும்.