ஹோவர்டு வளாக நடைச் சுற்றுலா: கதைக்காகவே போகலாம்

வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் போன வாரம் போயிருந்தேன், கறுப்பின மாணவியர் சங்கங்களின் வரலாறுதான் முழுக்க. முதல் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908 ஜனவரியில் இங்கேதான் பிறந்தது. இந்த வளாகக் கிளையின் பெயரும் ஆல்ஃபாதான். சென்னைக்கார சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தது இதில்.

ஆனால் வழிகாட்டி அக்கா உயிரைக் கொடுத்துச் சொன்னது 1913 கதையை. அந்தச் சங்கத்திலிருந்து 22 பேர் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டாவை ஆரம்பிக்கிறார்கள், இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் இறங்கிவிடுகிறார்கள், அதுவும் கறுப்பினப் பெண்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளப் பார்த்த பேரணியில்! கறுப்பினப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய மேரி சர்ச் டெரலும் கூட நடந்தாராம். டெல்டாவின் ‘ஃபார்டிடியூட்’ சிலையைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் உலோகம் கையைச் சுட்டது.

குறை? மிசிசிப்பி கிராமங்களுக்கு ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1935 முதல் மருத்துவ உதவி கொண்டுபோன கதையை ரெண்டே வரியில் முடித்துவிட்டார்கள், எனக்குக் கடுப்புதான். அப்புறம் மைக் பாதி நேரம் கரகரத்தது, முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள்.