டிரம் கட்டுவதா, உடலை அடைப்பதா?

2003 ஜூலையில் கியூபாவிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏறிக் கடல் வழியாக அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். 1951ஆம் ஆண்டு செவ்ரோலே அது. காலி டிரம்களை மிதவையாகக் கட்டி, எஞ்சின் சுழற்றும் ஷாஃப்டில் புரொப்பல்லரை மாட்டியிருந்தார்கள். ஃபுளோரிடாவுக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் இருக்கும்போது அமெரிக்கக் கடலோரக் காவல் படை தடுத்து, வண்டியை மூழ்கடித்துவிட்டது. அடுத்த பிப்ரவரியில் அவர்களில் சிலர் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை 1959 பியூக் கார். காரின் உடலையே தண்ணீர் புகாமல் அடைத்து, முன்னால் படகு மூக்கு வைத்திருந்தார்கள். அதுவும் நன்றாக மிதந்தது, அதையும் பிடித்துவிட்டார்கள்.

நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியை வீட்டில் செய்ய நினைப்பவருக்கும் இந்த இரண்டு வழிகள்தான்.

உடலை அடைத்த வண்டி பார்க்க அழகு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டும் போகும். ஆனால் கதவு இடுக்கு, ஷாஃப்ட் வெளியே வரும் துளை, ஸ்டீயரிங் கம்பி என்று ஒவ்வொன்றும் ஒழுகக்கூடிய இடம். தொழிற்சாலையில் செய்த ஆம்ஃபிகாருக்கே (1961 முதல் விற்ற ஜெர்மன் கார்) கதவை இறுக்கத் தனிக் கைப்பிடியும், உள்ளே சேரும் நீரை இறைக்க பம்பும் வேண்டியிருந்தது. கொஞ்சம் நீர் புகுந்தாலும் ஆபத்து அதன் எடையில் மட்டும் இல்லை. வண்டி சாயும்போது அந்த நீரும் அதே பக்கம் ஓடி, இன்னும் சாய்த்துவிடும்.

டிரம் அப்படியல்ல. ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். 200 லிட்டர் டிரம் முழுக்க அமிழ்ந்தால் தன் எடை போக 180 கிலோ வரை தூக்கும். அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இரு பக்கமும் தள்ளிக் கட்டுவதால் கவிழ்வதும் கடினம். குறை என்னவென்றால் வேகமே வராது, அகலம் கூடும், தரையில் இடிக்கும்.

அந்தக் குறையை அழகாகத் தீர்த்தவர் பீகாரின் கிழக்கு சம்பாரணைச் சேர்ந்த முகமது சைதுல்லா. 1975 வெள்ளத்துக்குப் பின் அவர் செய்த சைக்கிளில் காற்றடைத்த மிதவைகள். பின் சக்கரக் கம்பிகளில் விசிறித் தகடுகள். தரைக்கு வந்ததும் மிதவையை மடித்துக்கொள்ளலாம். எஞ்சின் இல்லை, அடைக்க வேண்டிய துளையும் இல்லை. எனக்கு இந்த எளிமைமேல் பெரிய மரியாதை உண்டு.

முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது இதுதான்: சைக்கிள், மிதவை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன்கள் எட்டு, பக்கத்துக்கு நான்கு. மொத்தம் 160 லிட்டர். பாதிக்குச் சற்று மேல்தான் அமிழும். ஓட்டுபவர் உயரத்தில் உட்காருவதால் கேன்களைச் சட்டத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் ஏறும்போதே கவிழும். தண்ணீர் இடுப்பளவு இருக்கும் இடத்தில், ஆளுக்குப் பதில் மணல் மூட்டை வைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்புறம் லைஃப் ஜாக்கெட்டோடு ஏறலாம்.