எழுதாமல் விட்டதை எப்படி நிரப்பிக்கொள்கின்றன? ஏ.டபிள்யூ.எஸ்., அஷூர், ஜிகிளவுட் சி.எல்.ஐ.கள்

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாஃப்டின் அஷூர், கூகுள் என்ற மூன்று பெரிய கிளவுட்களின் சி.எல்.ஐ.யை (டெர்மினலில் கமாண்ட் அடித்து கிளவுடை இயக்கும் டூல்; கூகுளுடையது ஜிகிளவுட்) ஒப்பிட உட்கார்ந்தால் பெரும்பாலும் ஓர் அட்டவணையில் போய் முடியும். இதில் ஜேசன் அவுட்புட் உண்டு, அதில் யாமல் அவுட்புட் உண்டு, எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக். அந்த அட்டவணையைப் பார்த்து யாரும் கிளவுட் மாறியதாகத் தெரியவில்லை. ஆபீஸ் எந்த கிளவுடில் இருக்கிறதோ அதன் சி.எல்.ஐ.தான் நம் தலையில் கட்டப்படும். இரண்டு மூன்றை ஒரே நாளில் மாற்றி மாற்றி அடிக்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டியது வேறு. எந்த அக்கவுண்ட், எந்த ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்), நிஜமாகவே அழிக்கட்டுமா என்று நாம் கமாண்டில் எழுதாமல் விட்ட இடங்களை அந்த டூல் தானாக எப்படி நிரப்பிக்கொள்கிறது? பில் எகிறுவதும், தப்பான சர்வர் காலியாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றும் பைத்தானில் எழுதப்பட்டவை. ஏ.டபிள்யூ.எஸ். சி.எல்.ஐ. 2013-ல் முழு வெளியீடாக வந்தது. இரண்டாம் பதிப்பு 2020-ல். அஷூருக்கு முதலில் நோட் ஜே.எஸ்.-ல் ஒரு டூல் இருந்தது, அதை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக எழுதியதுதான் 2017-ல் வந்த இன்றைய அஷூர் சி.எல்.ஐ. கூகுளில் ஜிகிளவுட், ஸ்டோரேஜுக்கு ஜிஎஸ்யூடில், டேட்டா அலசும் பிக்குவெரிக்கு பிக்யூ என்று தனித்தனியாக இருந்தன. இப்போது ஜிஎஸ்யூடில் செய்த வேலையை ஜிகிளவுட் ஸ்டோரேஜ் கமாண்டே செய்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் எத்தனை?

கிளவுடில் இதைவிட எளிய கேள்வி இல்லை. ஆனால் மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

ஏ.டபிள்யூ.எஸ்.-ல் இன்ஸ்டன்ஸ் (வாடகைக்கு எடுத்த மெஷின்) பட்டியல் கேட்டால், கான்ஃபிகில் உள்ள ஒரே ஒரு ரீஜனை மட்டும் பார்த்துவிட்டு வரும். உங்கள் டீஃபால்ட் மும்பை என்றால், யாரோ டெஸ்டிங்குக்காக வர்ஜீனியாவில் தூக்கிவிட்டு மறந்த ஜி.பி.யு. மெஷின் கண்ணில் படாது. காலிப் பட்டியல் வரும். "இங்கே இல்லை" என்பதற்கும் "எங்குமே இல்லை" என்பதற்கும் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ரீஜன் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் லூப் ஓட்ட வேண்டும். புதிதாக ஓர் அக்கவுண்ட் கைக்கு வந்தால் நான் முதலில் ஓட்டுவது அந்த லூப்பைத்தான்.

ஜிகிளவுடில் அதே கேள்வியைக் கேட்டால், அந்த ப்ராஜெக்டில் (கூகுளில் வேலைகளைப் பிரித்து வைக்கும் அலகு) உலகம் முழுக்க எந்த ஸோனில் (ரீஜனின் உட்பிரிவு) இருந்தாலும் ஒரே அட்டவணையில் வந்து நிற்கும். பெயர், ஸோன், மெஷின் டைப், உள் ஐ.பி., வெளி ஐ.பி., ஸ்டேட்டஸ். மனிதன் படிப்பதற்காகவே செய்த அவுட்புட். அஷூரும் சப்ஸ்கிரிப்ஷன் (அங்கே பில் போடும் அலகு) முழுவதையும் காட்டும். ஆனால் மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது சாதாரணப் பட்டியலில் வராது. அதற்கு விவரம் கேட்கும் ஒரு ஃப்ளாகை (கமாண்டோடு சேர்க்கும் கூடுதல் சொல்) சேர்க்க வேண்டும். சேர்த்தால் பதில் வர நேரமாகும். இந்தச் சுற்றில் கூகுளுக்குத்தான் என் ஓட்டு.

எந்த அக்கவுண்டில் நிற்கிறோம்?

இங்கே நிலைமை தலைகீழ். ஏ.டபிள்யூ.எஸ்.-ல் ப்ரொஃபைல் (சேமித்து வைத்த லாகின், செட்டிங்) பெயரை என்விரான்மென்ட் வேரியபிளில் (அந்த டெர்மினல் ஜன்னலுக்கென்று வைக்கும் மதிப்பு) வைத்துவிடலாம். ஒரு டெர்மினலில் ஸ்டேஜிங், இன்னொன்றில் ப்ரொடக்ஷன் என்று வைத்தால் ஒன்றோடொன்று முட்டாது. ஜன்னலை மூடினால் அந்தத் தேர்வும் அதோடு போய்விடும்.

அஷூரிலும் கூகுளிலும் தேர்வு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. அஷூரில் ஒரு டெர்மினலில் சப்ஸ்கிரிப்ஷனை மாற்றினால், பக்கத்து டெர்மினலிலும் சத்தமில்லாமல் மாறிவிடும். அந்தப் பக்கத்து ஜன்னலில் நீங்கள் பாதி வேலையில் இருந்தால் கதை கந்தல்தான். ஜிகிளவுடிலும் ஆக்டிவ் கான்ஃபிகரேஷன் இதே மாதிரி. இரண்டிலும் தப்பிக்க வழி உண்டு. ஜிகிளவுடில் கான்ஃபிகரேஷன் பெயரை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுக்கலாம், அஷூரில் கான்ஃபிக் ஃபோல்டரையே ஜன்னலுக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். ஆனால் இதையெல்லாம் நாமாகத் தேடிப் படித்துச் செய்தால்தான் உண்டு.

ஜிகிளவுடில் இன்னொரு பழைய தலைவலி. லாகின் இரண்டு வகை. ஒன்று சி.எல்.ஐ.க்கு. நம் பைத்தான் ப்ரோக்ராமும் கிளவுடை அமைக்கும் டெராஃபார்ம் டூலும் எடுத்துக்கொள்ளும் அப்ளிகேஷன் டீஃபால்ட் கிரெடென்ஷியல் இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டு, கமாண்ட் ஓடுகிறது, ஆனால் கோட் மட்டும் பெர்மிஷன் இல்லை என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

ரீஜன் விஷயத்தில் அஷூருக்கு ஒரு தனிப் பழக்கம். லொகேஷன் கொடுக்காமல் வி.எம். (மெய்நிகர் மெஷின்) உருவாக்கினால், ரிசோர்ஸ் க்ரூப் (சேர்ந்திருக்க வேண்டியவற்றைப் போட்டு வைக்கும் தொகுப்பு) எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்துவிடும். அஷூரின் சவுத் இந்தியா ரீஜன் சென்னையில்தான் இருக்கிறது. க்ரூப்பை அங்கே தொடங்கியிருந்தால் வி.எம்.மும் சென்னையிலேயே குடியேறும்.

உருவாக்குவது, நிறுத்துவது, அழிப்பது

அஷூரில் பெயர், க்ரூப், இமேஜ் மூன்றைக் கொடுத்து ஒரு லினக்ஸ் வி.எம். கேட்டால், கூடவே வி-நெட், சப்நெட், பப்ளிக் ஐ.பி., நெட்வொர்க் கார்டு, செக்யூரிட்டி க்ரூப் எல்லாம் தானாக முளைக்கும். வெளியிலிருந்து லாகின் செய்யும் போர்ட் 22-ம் திறந்தே இருக்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் குடும்பத்தோடு வந்து இறங்குவது மாதிரிதான். ஆனால் திரும்பிப் போகும்போது எல்லோரும் சேர்ந்து போவதில்லை. சி.எல்.ஐ.யில் டீஃபால்டாக உருவாக்கிய வி.எம்.மை மட்டும் டெலீட் செய்தால் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, ஐ.பி. எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும், காசும் ஏறும். அதனால்தான் அஷூர்க்காரர்கள் சோதனைக்கென்று தனி க்ரூப் தொடங்கி, முடிந்ததும் க்ரூப்பையே அழித்துவிடுகிறார்கள். அந்த வசதியை மற்ற இரண்டிலும் நான் தேடுவதுண்டு. கூகுளில் ப்ராஜெக்டையே அழிப்பதுதான் அதற்குக் கிட்டத்தட்ட வரும்.

நிறுத்துவதில்தான் பெரிய பொறி. அஷூரில் வி.எம். ஸ்டாப் என்றால் மெஷின் அணையும், ஆனால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஹார்டுவேரை உங்கள் பெயரிலேயே பிடித்து வைத்திருப்பார்கள். பில் நிற்க வேண்டுமென்றால் டீஅலோகேட் என்ற தனிக் கமாண்ட். ஸ்டாப் அடிக்கும்போதே இதைச் சொல்லி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும் ஸ்கிரிப்டின் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? மற்ற இரண்டிலும் ஸ்டாப் செய்தால் மெஷினின் காசு நிற்கும், டிஸ்க் போன்றவற்றின் காசு தொடரும். ஒரு ஜாக்கிரதை மட்டும்: நிறுத்தி வைத்த மெஷினை ஜிகிளவுட் டெர்மினேட்டட் என்று காட்டும். ஏ.டபிள்யூ.எஸ்.-ல் அதே ஸ்டேட்டஸ் வந்தால் அந்த மெஷின் இனி திரும்பாது.

அழிக்கும்போது ஏ.டபிள்யூ.எஸ். ஒரு வார்த்தை கேட்காது. ஐ.டி. கொடுத்து டெர்மினேட் அடித்தால் முடிந்தது. ஈசி2 (ஏ.டபிள்யூ.எஸ்.-ன் மெஷின் சேவை) கமாண்டுகளுக்கு ட்ரை-ரன் (நிஜமாகச் செய்யாத ஒத்திகை) உண்டு, ஆனால் அதன் போக்கே விசித்திரம்: அனுமதி இருந்து எல்லாம் சரியாக இருந்தாலும் எரர் என்றுதான் சொல்லும். வெற்றியைக் குறிக்கும் பூஜ்ஜியம் எக்ஸிட் கோடாகவும் வராது. ஸ்கிரிப்டில் வெற்றியா தோல்வியா என்று பார்க்க அந்த எரர் மெசேஜின் உள்ளே தேட வேண்டும். ஜிகிளவுட் கேட்கும், ஆனால் டீஃபால்ட் பதில் "ஆம்". பழக்கதோஷத்தில் என்டர் தட்டினால் மெஷின் போய்விடும். அஷூர்தான் ஒய் அல்லது என் என்று அடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். முக்கியமான மெஷின்களுக்கு இந்தக் கேள்வி பதிலையெல்லாம் நம்பாமல், ஏ.டபிள்யூ.எஸ்.-ல் டெர்மினேஷன் ப்ரொடெக்ஷன், கூகுளில் டெலிஷன் ப்ரொடெக்ஷன், அஷூரில் லாக் (பூட்டு) ஆகியவற்றைப் போட்டுவிடுவது நல்லது.

ஸ்கிரிப்டுக்குள் போனால்

ஏ.டபிள்யூ.எஸ்.-ம் அஷூரும் விடையைச் சலிக்க ஜேஎம்இஎஸ்பாத் என்ற ஒரே மொழியைப் பயன்படுத்துகின்றன. ஒன்றில் கற்றது மற்றதில் உதவும். ஜிகிளவுட் தனக்கென்று சொந்தமாக ஃபில்டர் மொழி, ஃபார்மட் மொழி வைத்திருக்கிறது. எழுத இனிமையானதுதான், ஆனால் அந்த வாசலைத் தாண்டினால் செல்லாது. ஜேஎம்இஎஸ்பாத்தில் எண்களையும் ட்ரூ, ஃபால்ஸையும் பேக்டிக்குக்குள் (`) எழுத வேண்டியிருப்பது பாஷ் ஷெல்லில் வம்பு. வெளியே டபுள் கோட் போட்டால் பாஷ் அதைக் கமாண்டாக நினைத்து ஓட்டப் பார்க்கும். எப்போதும் சிங்கிள் கோட்தான்.

அஷூரில் ஐ.டி.யை வேரியபிளில் வாங்கும்போது அவுட்புட்டை டிஎஸ்வி (டேப் வைத்துப் பிரித்த வெறும் எழுத்து) என்று சொல்லாவிட்டால், டீஃபால்ட் ஜேசனின் மேற்கோள் குறிகளும் சேர்ந்தே வரும். அடுத்த கமாண்ட் அந்த ஐ.டி.யைக் கண்டுபிடிக்க முடியாமல் விழும். இதாவது உடனே தெரிந்துவிடும். ஏ.டபிள்யூ.எஸ்.-ன் டெக்ஸ்ட் அவுட்புட் செய்வது இன்னும் நுட்பமான வேலை. ஏ.டபிள்யூ.எஸ்.-ன் ஸ்டோரேஜான எஸ்3-ல் ஒரு பக்கெட்டில் 2,500 ஆப்ஜெக்ட் (ஃபைல்) இருக்கிறது என்று வையுங்கள். பட்டியல் கேட்டு, குவெரியில் நீளத்தை எண்ணச் சொன்னால், ஜேசனில் 2,500 என்று ஒழுங்காக வரும். டெக்ஸ்டில் 1,000, 1,000, 500 என்று மூன்று வரி வரும். டெக்ஸ்ட் வடிவத்தில் குவெரி, 1,000 ஆப்ஜெக்ட் வரை கொண்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓடுவதுதான் காரணம். முதல் வரியை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்ட் வருஷக்கணக்கில் 1,000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை வேண்டுமானால் ஜேசனில் வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகும், ஸ்கிரிப்டுக்கு என்றால் நான் எடுப்பது ஏ.டபிள்யூ.எஸ்.தான். அதன் கமாண்டுகள் ஏ.பி.ஐ. (ப்ரோக்ராம்கள் கிளவுடோடு பேசும் வழி) வரையறையிலிருந்தே பிறப்பவை, அதனால் டாகுமென்டில் ஒன்று, கையில் ஒன்று என்ற குழப்பம் குறைவு. மெஷின் தயாராகும் வரை காத்திருக்க வெயிட் கமாண்ட் இருக்கிறது. நடுவில் கேள்வி கேட்டு நிற்காது; கையால் அடிக்கும்போது பயமுறுத்தும் அதே குணம் இங்கே உதவுகிறது. உட்கார்ந்து தேடித் துழாவும் வேலைக்கு ஜிகிளவுட். அஷூர் இரண்டிலும் நடுவில் நிற்கிறது, தொடங்கும் வேகத்தில் மட்டும் கொஞ்சம் சோம்பேறி.

எதையும் இன்ஸ்டால் செய்ய மனமில்லாதவர்களுக்கு மூன்றிலும் பிரௌசர் ஷெல் உண்டு. கூகுள் 5 ஜி.பி. ஹோம் டைரக்டரி தருகிறது. ஏ.டபிள்யூ.எஸ். தருவது 1 ஜி.பி., அதுவும் ரீஜனுக்கு ஒன்றாக. மும்பையில் எழுதிய ஸ்கிரிப்டை சிங்கப்பூர் ஷெல்லில் தேடினால் கிடைக்காது. இரண்டிலும் 120 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் ஃபைல்களைத் துடைத்துவிடுவார்கள். அஷூரில் ஃபைல்கள் நிலைக்க வேண்டுமானால் உங்கள் சொந்த ஸ்டோரேஜ் அக்கவுண்டைத்தான் இணைக்க வேண்டும், அதன் வாடகையும் உங்கள் பில்லில்தான் வரும்.