பிட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு: கியர் வரையும் மென்பொருளோடு இரண்டு ஆண்டுகள்

ஜொகூர் பாருவில் இருக்கும் நண்பர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, நீங்க கியர் வரையுற அந்த சாஃப்ட்வேர் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கிடட்டுமா?" அவரிடமும் என்னிடம் இருப்பதைப் போன்ற 3018 வகை சின்ன சிஎன்சி இருக்கிறது, அதாவது சுழலும் பிட்டைக் கணினி சொல்லும் பாதையில் நகர்த்தி மரம் வெட்டும் இயந்திரம். குரல் செய்தியில் பதில் சொல்லத் தொடங்கினேன். நான்கு நிமிடம் தாண்டியும் முதல் குறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதனால் எழுதிவிடுகிறேன். மென்பொருளின் பெயரை இங்கே போடவில்லை. வேறு பெயரில் வாங்கினாலும் இதே இடத்தில்தான் கால் இடறும்.

நான் வெட்டுவது சிங்கப்பூரின் யீஷூனில், நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டுவீச்சில் ஒதுங்குவதற்கென்று கட்டிய சின்ன அறைக்குள். அரிசி மூட்டைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மேசை, அதன்மேல் இயந்திரம். கனமான கான்கிரீட் சுவர் சத்தத்தை நன்றாகவே அடக்கும். ஆனாலும் இரவு 9 மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. பகலில் வேலை, ஆகவே ஒரு நாளைக்கு எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சக்கரம் பாழானால் அடுத்த நாள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். என் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செய்தது அம்மாவுக்காக ஒரு நிலாக் கடிகாரம். அம்மா அமாவாசை விரதம் தவறவிடாதவர். தினசரி நாட்காட்டியில் தாள் கிழிப்பதோடு, ஒரு கைப்பிடியைத் தினமும் ஒரு சுற்றுச் சுற்றினால் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமான உருண்டை மெல்லத் திரும்பி அன்றைய பிறையைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53059 நாள். அதாவது கைப்பிடி ஏறத்தாழ இருபத்தொன்பதரை முறை சுற்றினால் உருண்டை ஒரு முறை சுற்ற வேண்டும்.

இந்த இடத்தில் மென்பொருளை மனதாரப் பாராட்டுகிறேன். விகிதத்தையும், சக்கரத்தில் எத்தனை பல்லிலிருந்து எத்தனை பல் வரை இருக்கலாம் என்பதையும் கொடுத்தால், பொருந்தும் சேர்க்கைகளை வரிசையாக எடுத்துப் போடுகிறது. பழைய கடிகாரக்காரர்கள் நிலா காட்டும் சக்கரத்துக்கு 59 பல் வைத்ததன் காரணம் அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 59 நாள். நான் தேர்ந்தெடுத்தது மூன்று ஜோடி: 20க்கு 59, 20க்கு 50, 20க்கு 80. பெருக்கிப் பாருங்கள், சரியாக 29.5 வரும். மாட்யூல், அதாவது பல்லின் அளவு, 2 என்று வைத்தால் அச்சுகளுக்கு நடுவே 79, 70, 100 மி.மீ. என்று முழு எண்களாகவே தூரம் அமைகிறது. மிகப் பெரிய சக்கரம் 164 மி.மீ., என் இயந்திரத்தின் 180 மி.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சந்திர மாதத்துக்கு 44 நிமிடம் முந்தும் விகிதம் இது. ஒரு முழு நாள் தவற இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். அன்றைக்கு உருண்டையைக் கையால் ஒரு நாள் அளவுக்குத் திருப்பி வைத்தால் போதும்.

அடுத்து அந்த அசைபடம். இரண்டு சக்கரத்தையும் திரையில் மெதுவாகச் சுழலவிட்டு, பல்லும் பல்லும் தொடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொடும் புள்ளி சிவப்பாகத் தெரியும். ஒரு பல்லின் அடிப்பக்கத்தில் பிறந்து, சாய்வான நேர்கோடு ஒன்றின்மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் நுனியில் முடியும். அது முடிவதற்கு முன்பே அடுத்த பல்லில் இன்னொரு சிவப்புப் புள்ளி தோன்றிவிடும். பல்லின் பக்கங்கள் வளைந்திருக்கின்றன, தொடும் புள்ளியோ நேர்கோட்டிலேயே ஓடுகிறது. இன்வல்யூட் எனப்படும் இந்தப் பல் வளைவின் சூட்சுமம் இதுதான் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்த அன்று இரவு என் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று ஜோடி இருப்பதால் கைப்பிடி ஒரு பக்கம் சுற்ற, நிலா எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதையும் வெட்டுவதற்கு முன்பே இந்த அசைபடம்தான் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. முதலில் 12 பல் வைத்துச் சின்னதாகச் செய்யலாம் என்று பார்த்தேன். பல்லின் கழுத்து உள்வாங்கி மெலிந்துபோவதை வரைந்து காட்டி, சிவப்பில் எச்சரித்தது. 20 டிகிரி அழுத்தக்கோணத்தில் (தொடும் புள்ளி ஓடும் அந்த நேர்கோட்டின் சாய்வு) 17 பல்லுக்குக் கீழே போனால் இந்தக் கழுத்தரிப்பு வரும். ப்ளைவுட்டில் அப்படி ஒரு பல் முதல் வாரமே ஒடிந்திருக்கும்.

இவ்வளவையும் யோசித்துச் செய்தவர்கள் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டார்கள். வெட்டும் பிட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு.

மாட்யூல், பல் எண்ணிக்கை, அழுத்தக்கோணம், அச்சுத் துளை, பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் தளர்வு), ஆரக்கால் வடிவம் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி இருக்கிறது. "உங்கள் பிட் எத்தனை மி.மீ.?" என்று கேட்கும் பெட்டி மட்டும் எங்குமே இல்லை. திரையில் வருவது கணக்குப்படி முழுமையான பல். அதை வெட்ட முடியுமா என்ற கேள்வியே அதற்குள் எழவில்லை.

என்னிடம் அப்போது இருந்தது 3.175 மி.மீ. பிட். மாட்யூல் 2 சக்கரத்தில் பிட்ச் வட்டத்தில் (பல்லின் உயரத்தில் ஏறத்தாழ நடுவே ஓடும் கணக்கு வட்டம்) பல்லிடுக்கின் அகலம், மாட்யூலை பையால் பெருக்கி அதில் பாதி, அதாவது 3.14 மி.மீ. பிட்டே அதைவிடப் பெரிது. வெட்டும் பாதையைப் போட்ட வேறொரு மென்பொருள் பிட் எட்டும் இடம் வரை போய் நின்றுவிட்டது. 59 பல் சக்கரம் பார்க்க அழகாகத்தான் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அச்சில் ஏற்றி, 20 பல்லோடு சேர்த்தேன். நகரவே இல்லை. அச்சைத் தளர்த்தினால் சுற்றும், இறுக்கினால் நின்றுவிடும். மூன்று நாள் அச்சுத் துளைகளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வெர்னியர் அளவுகோலை எடுத்து இடுக்கின் ஆழத்தை அளந்தால், இருக்க வேண்டியதைவிட ஒரு மி.மீ.க்கு மேல் குறைவு. எதிர்ப்பல்லின் நுனிக்கும் இடுக்கின் அடிக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே அரை மி.மீ.தான். நுனி போய் முட்டிக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும்?

அதன்பிறகு கையால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். இதே மாட்யூல் 2, 20 டிகிரியில், 20 பல் சக்கரத்தின் இடுக்கு அடியில் ஏறத்தாழ 2.2 மி.மீ. அகலம். 59 பல்லில் அது 1.6. 80 பல்லில் 1.5. சக்கரம் பெரிதாகப் பெரிதாக இடுக்கின் அடி குறுகுகிறது! பெரிய சக்கரத்துக்குப் பெரிய பிட் போதும் என்று நினைத்திருந்தேன், நேர்மாறாக இருந்தது. பல் கூடக் கூட வடிவம், பற்கள் நேர்கோட்டில் நிற்கும் பல்சட்டத்தை நெருங்குகிறது, பல்லின் அடி அகன்று இடுக்கு ஆப்பு வடிவமாகிறது, அதனால்தான் இப்படி.

சரி, 1.5 மி.மீ. பிட் வாங்கினேன். 6 மி.மீ. ப்ளைவுட்டில் மூன்றாவது அடுக்கு போகும்போது ஒடிந்தது. இன்னொன்று, அதுவும் ஒடிந்தது. அப்புறம் 2 மி.மீ. வைத்து வெட்டிப் பார்த்தேன். இடுக்கின் அடி மூலைகள் கூர்மையாக வராமல் வளைவாக மிஞ்சின. ஆனால் சக்கரம் வெண்ணெய்போலச் சுற்றியது! அந்த மூலைக்கு எதிர்ப்பல்லின் நுனி போவதே இல்லை. ஆக மாட்யூல் 2க்கு 2 மி.மீ. பிட் போதும், 1.5 தேவையே இல்லை. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு பிட்டும், ஒரு முழு ப்ளைவுட் பலகையும், மூன்று வாரமும் போயின. பிட்டின் அளவை வாங்கிக்கொண்டு அந்த வளைவையும் சேர்த்து வரைந்து அதே அசைபடத்தில் ஓடவிட்டிருந்தால், பத்து நொடியில் தெரிந்திருக்கும். கழுத்தரிப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பில் எச்சரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா?

அவர்களுக்கே எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிட்டின் கணக்கு வெட்டும் பாதை போடும் மென்பொருளின் பொறுப்பு, எங்களுடையது வடிவம் மட்டும் என்றார்கள். தொழிற்சாலைக்கு இந்தப் பதில் சரி. அங்கே கியரை ஹாப் வைத்து வெட்டுவார்கள், பல்லின் வடிவத்துக்கு ஏற்ற கருவியே அவர்களிடம் இருக்கும். ஆனால் இந்த மென்பொருளின் முகப்புப் பக்கத்திலேயே வீட்டுச் சிஎன்சி வைத்திருப்பவர்களுக்காக என்றுதானே போட்டிருக்கிறார்கள்? வீட்டில் இருப்பவன் உருளைப் பிட்டைத்தான் வைத்திருப்பான். அவனுக்கு வடிவமும் பிட்டும் ஒரே கேள்வி.

பேக்லாஷ் பெட்டி மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கடிகாரம் டிசம்பரைத் தாண்டியிருக்காது. முதலில் 0.1 மி.மீ. வைத்தேன், நன்றாகச் சுற்றியது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஊற்றிய வாரத்தில் அம்மா கூப்பிட்டு, "தம்பி, கைப்பிடி இறுகிப்போச்சுப்பா" என்றார். ஈரத்தில் ப்ளைவுட்டின் நார் ஊதி, பல்லின் பக்கமெல்லாம் பூனைமுடிபோல எழுந்திருந்தது. 0.3 ஆக்கி மறுபடி வெட்டி, பல்லுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில் இறுகவில்லை. சிங்கப்பூரில் மரத்தில் கியர் வெட்டுகிறவர்கள் 0.3க்குக் கீழே போகவேண்டாம்.

மென்பொருள் வரைந்து தரும் டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பைப் பற்றிச் சுருக்கமாக. வளைவுகளை வில்லாகக் கொடுக்காமல் பொடிப்பொடிக் கோடுகளாக உடைத்துக் கொடுக்கிறது. என் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை அவற்றை விழுங்கத் திணறி, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் பல்லின் ஒவ்வொரு பக்கத்திலும் தயங்கித் தயங்கி நகரும். துல்லியத்தை ஒரு படி குறைத்தால் கோடுகள் குறைந்து சரியாகிவிடும், மரத்துக்கு அது போதும். புதுக் கோப்பு திறக்கும்போதெல்லாம் அளவு அங்குலத்துக்கும் அழுத்தக்கோணம் 14.5 டிகிரிக்கும் போய்விடுவது இன்னொரு தொல்லை. 14.5இல் ஒன்றையும் 20இல் ஒன்றையும் வெட்டினால் இரண்டும் சேராது, ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்காமல் முடியுமா என்றால், முடியும். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் இன்வல்யூட் கியர் வரையும் வசதி இருக்கிறது, அதிலேயே வெட்டும் பாதையும் போடலாம், பிட்டின் விட்டத்தைக் கொடுத்தால் எதுவரை வெட்டும் என்று ஓட்டிப் பார்க்கலாம். பல்லிடுக்கு நிரம்பாமல் நிற்பது அங்கேயே கண்ணில் படும். விகிதம் தேடிக் கொடுக்காது, தொடும் புள்ளியைச் சிவப்பில் காட்டாது. கற்றுக்கொள்ளவும் சில வாரம் ஆகும். வெறும் உருவம் மட்டும் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலும் கியர் வரையலாம்.

இப்போது விலை குறைந்திருப்பது புதுப் பதிப்பு வந்ததால். போன சனிக்கிழமை அதை இறக்கி நிறுவினேன். பிட் பெட்டி வந்திருக்கும் என்று உண்மையிலேயே நம்பித்தான் திறந்தேன். வந்திருப்பது சக்கரங்களுக்குத் தேக்கு, வால்நட் என்று மர நிறம் கொடுக்கும் வசதி. பழைய 80 பல் கோப்பைத் திறந்தேன். திரையில் தேக்கு நிறத்தில், கூர்மையான அடி மூலைகளோடு, என் வீட்டில் எந்தப் பிட்டாலும் வெட்ட முடியாத பல் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். மேலே நான் பாராட்டியதெல்லாம் உண்மை, அம்மாவின் சுவரில் நிலா தினமும் திரும்புவதும் உண்மை. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் என் பதில் இதுதான். என் சந்தா முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய விகிதத்தையும் பலகையின் தடிமனையும் அனுப்புங்கள், கோப்பைப் போட்டுத் தருகிறேன். முக்கியமாக உங்களிடம் இருக்கும் பிட் எத்தனை மி.மீ. என்று அளந்து சொல்லுங்கள். உறையில் எழுதியிருப்பதை நம்பாமல், வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள்.