‘80 சீசி’ சைக்கிள் எஞ்சின் கிட்: எஞ்சின் பரவாயில்லை, கூட வாற சாமான்தான் வில்லங்கம்

பெட்டியில் 80 சீசி என்று அச்சடித்து வரும் இந்தச் சீனத்து இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 38. கணக்குப் போட்டால் 66 சீசிதான். ஏற்ற இறக்கமில்லாத யாழ்ப்பாணத் தெருக்களுக்கு அது தாராளம். பழைய இரும்புக் கடையில் எடுத்த ரலி, லுமாலா பிறேமில் இதைப் பூட்டி, அகல ஹாண்டிலும் தடித்த ரயரும் போட்டுக் குரூசராக்க நினைப்பவர்கள் முதலில் பின்சில்லின் கம்பிகளை எண்ணவேண்டும்.

கிட்டில் வரும் 44 பல்லுச் சக்கரம், ரப்பர் வளையங்களால் கம்பிகளை நெரித்து 9 போல்ற்றில் நிற்பது. 36 கம்பிச் சில்லென்றால் பக்கத்துக்கு 18. ஒன்றுவிட்ட இடைவெளிகளில் ஒன்பதும் சரியாக இறங்கும். எங்கட பெரிய சைக்கிள்களின் பின்சில்லில் பெரும்பாலும் 40 கம்பி. பக்கத்துக்கு 20 என்றால் ஒன்பது போல்ற் ஒத்துவராது. வலிந்து பூட்டினால் சக்கரம் நடுவை விட்டு விலகி, செயின் ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகியும் தளர்ந்தும் ஓடும். பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். 36 ஓட்டை ஹப்பும் 26 அங்குல ரிம்மும் தேடிக் கட்டுவிப்பதுதான் வழி. பூட்டியபின் பிறேமில் ஒரு கம்பித்துண்டைக் கட்டி, அதன் நுனியைப் பல்லுக்குக் கிட்ட வைத்துச் சில்லைச் சுழற்றினால் கோணல் உடனே தெரியும்.

பெரிய சைக்கிளின் 28 அங்குல ரிம்முக்குப் பதில் 26 போட்டால் ரிம்மின் விளிம்பு 38 மில்லிமீற்றர் உள்ளே போகும். பழைய கம்பிப் பிறேக்கின் கட்டை அதற்கு எட்டாது. எட்டினாலும் மழைக்குப் பிடிக்காத பிறேக் அது, போகட்டும். முன்னும் பின்னும், ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வி-பிறேக்கைப் பூட்ட பிறேமிலும் போர்க்கிலும் குமிழ் ஒட்டுவியுங்கள்.

கிட்டின் மிக மோசமான சாமான் செயினை இறுக்கும் உருளை. பிறேம் குழாயில் கவ்விதான் அதைப் பிடிக்கிறது. அதிர்வில் கவ்வி திரும்பினால் உருளை சில்லின் கம்பிகளுக்குள் போய், ஓட்டத்திலேயே பின்சில்லு இறுகிவிடும். செயினில் கண்ணிகளைக் கழற்றி, சில்லைப் பின்னுக்கு இழுத்து இறுக்க முடிந்தால் உருளையே வேண்டாம். முடியாவிட்டால் குழாயோடு சேர்த்து வெல்டிங் பிடிக்கவேண்டும். எஞ்சினைத் தாங்கும் ஸ்டட்களையும் (மரையாணிகள்) 8.8 என்ற வலுத் தரத்துக்கு மாற்றுங்கள். வருகிறவை மெழுகு மாதிரி.

எஞ்சினிலிருந்து வரும் வெள்ளை வயரை எதிலும் கொழுவாமல் நுனியை ரேப்பால் சுற்றிவிடுங்கள். பிளக் என்.ஜி.கே. பி6எச்எஸ் பொருந்தும். புது எஞ்சினுக்கு லீற்றர் பெற்றோலுக்கு 60 மில்லிலீற்றர் 2ரி ஒயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயில்), பழகியபின் 50. போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டிய ஊர் என்பதற்காக இதற்கும் அதை ஊற்றவேண்டாம். தட்டி, பிஸ்டன் போய்விடும். தட்டைத் தரைக்கு 44 பல்லை விட 36 பல்லு நல்லது, அதே வேகத்தில் அதிர்வு குறையும்.

எஞ்சின் ஏறியதும் சட்டத்தில் இது மோட்டார் வாகனம். பதிவில்லாமல் தெருவில் இறக்கினால் வழக்குத்தான்; வாங்கமுன்னம் இதை யோசியுங்கள்.