ஏற்காட்டில் ‘ஹீலிங் டிரம்’ வாங்குகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

9,500 ரூபாய் கொடுத்து வாங்கிய மேளம் நாலே மாதத்தில், ஒரு மார்ச் மாத மத்தியானம், யாரும் தொடாமலேயே பட்டென்று வாயைப் பிளந்தது. குக்கர்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா அடுப்படிக்கு ஓடினார்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். தாளத்துக்கு அடியெடுத்து வைத்துப் பழகினால் நடை சுலபமாகும், யாராவது பக்கத்தில் தட்டிக்கொண்டே வாருங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது அவ்வளவுதான். நான்தான் அதைக் கேட்டுவிட்டு, நவம்பரில் ஏற்காடு போனபோது கண்ணில் பட்ட ‘குணமளிக்கும் மேளம்’ போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கடை பெயர் வேண்டாம். அதே மாதிரி விற்கிற இடங்கள் இன்னும் வரலாம்.

வெளியே பனிமூட்டம், தூறல். உள்ளே ஊதுபத்தி, மெல்லப் பேசுகிற ஒரு பையன். “ஐம்பது வருஷப் பலா மரம் சார், மான் தோல், 432 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணினது” என்றான். மர வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய மேளத்தை உள்ளறையிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தான். தட்டினேன். கிண்ணென்று கேட்டது. தோல் இளஞ்சூடாக இருந்தது. “எனர்ஜி சார்” என்றான். உள்ளறையில் ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பது, கிளம்பும்போது கதவு இடுக்கில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

ஈரக்காற்றில் தோல் தளரும், சூட்டில் இறுகும். பறை அடிப்பவர்கள் நம் கண்முன்னாலேயே வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். அதில் குற்றமே இல்லை. காய்ச்சியதை மறைத்து எனர்ஜி என்று விற்பதுதான் குற்றம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதற்குள் மேளம் தொப் தொப் என்று ஆகிவிட்டது.

அந்த 432 கணக்கையும் போனில் ஒரு ட்யூனர் ஆப் போட்டுப் பார்த்தேன். காலையில் 90 சொச்சம், வெயில் ஏறியதும் 120 பக்கம். 16 அங்குல மேளத்தின் அடிநாதம் அந்த மாதிரி கீழேதான் இருக்கும். அதுவும் நாளுக்கு நாலு தடவை மாறுகிற தோலுக்கு ஒரு எண்ணை ஸ்டிக்கர் அடித்து ஒட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பிளந்ததைத் தூக்கிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த ஆசாரியிடம் போனேன். உளியால் ஒரு சீவு சீவினார். தேன் நிறச் சாயம் போனதும் உள்ளே வெளிறிய மரம், அதில் வலை பின்னின மாதிரி பளபளப்பான ரேகை. “பலாவா? சில்வர் ஓக்குங்க இது. பெட்டி அடிக்கிற மரம்” என்றார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்குமே, மிளகுக் கொடி ஏறியிருக்குமே, அதே மரம். பலா என்றால் வெட்டும்போதே மஞ்சளாக இருக்கும், நாளாக ஆக நிறம் முற்றும். சில்வர் ஓக்கில்கூட வளையம் செய்யலாம், காயவைத்துச் செய்திருந்தால். இது ஈரம் போகாத மரம். சேலத்து வெயிலில் மரம் சுருங்க, தோல் இறுக்க, ஒட்டு விட்டுவிட்டது. ஒட்டும் லட்சணமாக இல்லை. ஒரு சாண் நீளத்துக்காவது சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டிய முனைகளை, முட்ட முட்ட வைத்து ஒட்டியிருந்தார்கள்.

தோலுக்கு, பறை கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் ஆசாரியே அனுப்பினார். வேப்ப மரத்தை மூன்று துண்டாக வளைத்துச் செதுக்கி, இரும்புப் பட்டை போட்டு, புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டுகிற பழைய கை. மான் தோல் என்று சொன்னதும் சிரித்தார். “தம்பி, நெசமாவே மான் தோலா இருந்தா உங்க மேல கேசு. இல்லைன்னா அவன் உங்களை ஏமாத்திட்டான். எது தேவலைங்க உங்களுக்கு?” 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் மான் தோலை வைத்திருப்பதே குற்றம். கஞ்சிராவுக்கு முன்பு போட்ட உடும்புத் தோலும் அப்படித்தான், இப்போது ஆட்டுத் தோல்தான் போடுகிறார்கள்.

மேளத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தோலுக்குள் ஒரு கருத்த பட்டை தெரிந்தது. மானும் இல்லை ஒன்றும் இல்லை, ஆட்டின் முதுகெலும்பு ஓடின கோடு என்றார். அது நடுவில் ஓடினால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். என்னுடையதில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஓடியது. எதிர்ப் பக்கம் முழுக்க வயிற்றுத் தோல், அப்பளம் மாதிரி மெலிசு. ஒரு பக்கம் இறுக்கி, ஒரு பக்கம் தொங்கி, வளையமே கோணிவிட்டது. டேப் வைத்துப் பார்த்தால் ஒரு வாக்கில் 16 அங்குலம், குறுக்கே 15½.

பை தைக்கிற குரோம் தோலை, அதாவது குரோமியம் உப்பில் பதனிட்ட தோலை, போட்டு விற்பவர்களும் உண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அதுதான். எவ்வளவு தட்டினாலும் நாதம் எழாது. மேளத்துக்குச் சுண்ணாம்பில் முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல்தான் வேண்டும். அதையும் சுண்ணாம்பில் அதிக நாள் ஊறப்போட்டுவிட்டால் சத்துப் போய்விடும் என்றார்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் தடவை “நீங்க நெகட்டிவா வாசிச்சிருப்பீங்க சார்” என்றான். இரண்டாவது தடவை பாதிப் பணம் தருவதாகச் சொன்னான். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் கையில் இருப்பது பில் இல்லை, ஒரு துண்டுச்சீட்டு. ஜிபே செய்த விவரமும், பலா, மான் தோல் என்று அவன் அனுப்பிய வாட்ஸப் செய்தியும் இருப்பதால் நம்பிக்கை இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவ்வளவுதான்.

அப்பா இப்போது வாசலிலிருந்து கிணற்றடி வரை ஒரே மூச்சில் போய் வருகிறார். அம்மா பின்னாலேயே எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டு போகிறார். குழிக்கரண்டி நெளிந்துபோய்விட்டது என்று மட்டும் புலம்பல்.