'கான்ட் ஸ்டாண்ட்' எங்கே, 'புட் அப் வித்' எங்கே? பொறுத்துக்கொள்ள ஆங்கிலத்தில் உள்ள வினைகள்: ஓர் ஒப்பீடு

ராமேஸ்வரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பவருக்குத் தினமும் தேவைப்படும் சில வாக்கியங்கள் உண்டு. "இந்த வெயிலைத் தாங்க முடியல." "வரிசையைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க." "பாலம் புயலைத் தாங்கிருச்சு." மண்டபம் ஊரில் நண்டு ஏற்றுமதி செய்பவருக்கு இன்னொன்று: "லாரி வாடகையை நாங்களே தாங்கிக்கிறோம்." தமிழில் தாங்கு, பொறு என்ற இரண்டை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் இந்த நான்கும் வேறு வேறு வினைகளுக்குப் போகின்றன.

அகராதியைத் திறந்தால் பேர், ஸ்டாண்ட், டாலரேட், என்டூர், புட் அப் வித் என எல்லாவற்றுக்கும் 'பொறுத்துக்கொள்' என்ற ஒரே பொருள்தான் கிடைக்கும். பொருள் தவறில்லை. எதை எங்கே போடுவது என்பதை அது சொல்வதில்லை, அவ்வளவுதான். அதைத் தீர்மானிப்பவை மூன்று: முன்னால் 'கான்ட்' வர வேண்டுமா, பின்னால் என்ன வடிவம் வரலாம், பொறுக்க வேண்டிய விஷயம் எவ்வளவு கனமானது.

முதலில் ஸ்டாண்ட். பேச்சில் அதிகம் புழங்குவது இதுதான், அதிகம் தவறாகப் போவதும் இதுதான். பொறுத்தல் என்ற பொருளில் இது தனியாக நிற்காது. 'கான்ட்' அல்லது 'குட்ன்ட்' துணைக்கு வேண்டும், அல்லது 'கேன் யூ ஸ்டாண்ட் த ஹீட்?' என்று கேள்வியாக வர வேண்டும். 'ஐ ஸ்டாண்ட் திஸ் ஸ்மெல்' என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'ஐ ஆம் நாட் ஸ்டாண்டிங் த ஹீட்' என்பதும் அப்படியே. நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'இங்' வடிவத்தை இந்தப் பொருளில் ஸ்டாண்ட் ஏற்பதில்லை.

பின்னால் பெயர்ச்சொல் வரலாம், 'இங்' சேர்ந்த வினை வரலாம். 'ஐ கான்ட் ஸ்டாண்ட் வெயிட்டிங்' சரி. 'ஐ கான்ட் ஸ்டாண்ட் டு வெயிட்' என்பது அமெரிக்கர் வாயில் வரும், பிரிட்டிஷ் காதுக்கு உறுத்தும். தேர்வு எழுதுபவர்கள் 'இங்' பக்கமே நிற்பது பாதுகாப்பு. 'அவர் கத்துறது எனக்குப் பொறுக்கல' என்பதை 'ஐ கான்ட் ஸ்டாண்ட் தட் ஹி ஷவுட்ஸ்' என்று சொல்வது நம்மிடம் பரவலாக உள்ள பிழை. 'ஐ கான்ட் ஸ்டாண்ட் ஹிம் ஷவுட்டிங்' என்றோ 'ஐ கான்ட் ஸ்டாண்ட் த வே ஹி ஷவுட்ஸ்' என்றோ சொல்ல வேண்டும். இறந்த காலத்தில் 'குட்ன்ட் ஸ்டாண்ட்'. 'குட்ன்ட் ஸ்டுட்' என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் 'குட்' ஏற்கெனவே காலத்தைக் காட்டிவிட்டது.

இன்னொரு இடறல் உண்டு. ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி முடித்து வெளியே வரும் வெளிநாட்டுப் பயணி 'ஐ கான்ட் ஸ்டாண்ட்' என்று நிறுத்தினால், கால் ஓய்ந்துவிட்டது, நாற்காலி கொடுங்கள் என்று அர்த்தம். அதே ஆள் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் இட்' என்றால் அவருக்கு ஏதோ ஒன்று அறவே பிடிக்கவில்லை. அந்தச் சின்ன 'இட்' இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது வழிகாட்டியின் வேலை.

இதன் வேகத்தையும் கவனிக்க வேண்டும். 'கான்ட் ஸ்டாண்ட்' என்பது பொறுமையைப் பற்றியதே இல்லை, பெரும்பாலும் வெறுப்பைப் பற்றியது. 'ஐ கான்ட் ஸ்டாண்ட் மை மேனேஜர்' என்றால் மேலாளரைக் கண்டாலே ஆகாது என்பதுதான் செய்தி. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை அலுவலகத்தில் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. 'ஸ்டாண்ட் ஃபார்' வேறு கதை. 'ஐ வோன்ட் ஸ்டாண்ட் ஃபார் திஸ்' என்றால் 'இதை அனுமதிக்க மாட்டேன்' என்று பொருள். அதிகாரம் கையில் இருப்பவர் பேசும் பேச்சு அது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் புட் அப் வித். 'கான்ட் ஸ்டாண்ட்' சொல்பவர் பொறுக்கவில்லை, புட் அப் வித் சொல்பவர் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துவிட்டார். மின்வெட்டு, பேருந்துத் தாமதம், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி, திருவிழாக் கூட்டம் போன்ற அன்றாட எரிச்சல்களுக்கு இதைவிடப் பொருத்தமான வினை ஆங்கிலத்தில் இல்லை. 'வி ஹேவ் டு புட் அப் வித் பவர் கட்ஸ்.' எதிர்மறை தேவையில்லை, 'கான்ட்' தேவையில்லை, 'இங்' வடிவமும் எடுக்கும்: 'ஹவ் ஆர் யூ புட்டிங் அப் வித் திஸ் ஹீட்?' மூன்று காலத்திலும் 'புட்' மாறாது, 'புட்டட்' என்று எழுதிவிடக் கூடாது.

மூன்று துண்டும் ஒட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் விதி. 'புட் த நாய்ஸ் அப் வித்' என்று நடுவில் எதையும் செருக முடியாது. 'வித்' விழுந்துபோனால் பொருளே மாறிவிடும். 'புட் அப் எ டென்ட்' என்றால் கூடாரம் போடு, 'புட் அப் எ கெஸ்ட்' என்றால் விருந்தாளியைத் தங்க வை. 'ஐ புட் அப் மை அங்கிள்' என்பவர் மாமாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார். 'ஐ புட் அப் வித் மை அங்கிள்' என்பவர் மாமாவைச் சகித்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஊரில் இந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது 'அட்ஜஸ்ட்'. ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளை ஏற்றும்போது 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்றால் தமிழருக்கும் இந்திக்காரருக்கும் புரியும், தள்ளி உட்காருவார்கள். இங்கிலாந்துக்காரர் எதைத் திருகிச் சரிசெய்ய வேண்டும் என்று பார்ப்பார். அவர் மொழியில் அட்ஜஸ்ட் என்பது ஒன்றின் அளவையோ நிலையையோ மாற்றுவது, அல்லது புதிய சூழலுக்குப் பழகிக்கொள்வது. இருப்பதை இருக்கிறபடியே பொறுப்பது அதில் அடங்காது. 'குட் யூ மூவ் அப் எ பிட்?' என்றால் நகர்ந்துவிடுவார். அசௌகரியத்தைச் சொல்ல 'யூ மே ஹேவ் டு புட் அப் வித் எ லாங் க்யூ' போதும். உள்ளூர் ஆங்கிலத்தில் 'அட்ஜஸ்ட்' தவறு என்று சொல்ல மாட்டோம். அது இங்கே வேர்விட்ட சொல். வெளிநாட்டாரிடம் மட்டும் செல்லாது.

அடுத்தது பேர். முதலில் உச்சரிப்பு: 'கேர்', 'ஏர்' என்பவற்றோடு எதுகையாக வரும். 'பியர்' என்று இழுத்தால் அது மதுவகையாகிவிடும். 'ஐ கான்ட் பியர் திஸ்' என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பவர்கள் நம் பக்கம் நிறைய. எழுத்தில் கரடிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இந்த வினையின் அடிப்படைப் பொருள் சுமத்தல். படகு எஞ்சினில் தேயும் பேரிங் இதே வினையிலிருந்து பிறந்த பெயர்தான், சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்குவதால் அப்படி வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பயன்கள் தாமாகப் பிடிபடும். தூண் பாரத்தைத் தாங்குவது 'பேர் த வெயிட்'. பழியை ஏற்பது 'பேர் த ப்ளேம்'. செலவை ஏற்பது 'பேர் த காஸ்ட்'. நம் 'தாங்கு' போலவே உடல் பாரத்துக்கும் மனப் பாரத்துக்கும் இது பொது என்பதால், தமிழருக்கு மிகவும் இணக்கமான வினை இதுதான்.

வணிகக் கடிதத்தில் இதற்கு மாற்றே கிடையாது. 'த பையர் ஷல் பேர் த ஃப்ரெய்ட்' என்று எழுதலாம். அங்கே ஸ்டாண்டோ டாலரேட்டோ போட்டால், வாங்குபவர் சரக்குக் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே பொறுக்கிறார் என்பது போல ஆகிவிடும். எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றித் தரும் விலையில், சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் ஆபத்தும் விற்பவர் தலையில், ஏறிய பிறகு வாங்குபவர் தலையில். இந்த இரண்டுக்கும் ஒப்பந்த மொழியில் பேர் தான் வினை: 'பேர் த காஸ்ட்', 'பேர் த ரிஸ்க்'.

உணர்ச்சியைச் சொல்லும்போது 'கான்ட் பேர்' வரும். ஸ்டாண்டைவிட இது கொஞ்சம் மென்மையானது, அதில் வெறுப்பைவிட வலி அதிகம். கருவாட்டு வாடை பிடிக்காதவர் 'கான்ட் ஸ்டாண்ட் த ஸ்மெல்' என்பார். குழந்தை அழுவதைப் பார்க்கச் சகிக்காதவர் 'ஐ கான்ட் பேர் டு சீ ஹர் க்ரை' என்பார். இங்கே 'டு' வந்ததைக் கவனியுங்கள். பேர் 'டு' வடிவத்தையும் ஏற்கும், 'இங்' வடிவத்தையும் ஏற்கும். வெயிலுக்கு மட்டும் ஸ்டாண்ட், பேர் இரண்டில் எதைப் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'டஸ்ன்ட் பேர் திங்கிங் அபவுட்' என்று ஒரு மரபுத்தொடரும் உண்டு, 'நினைக்கவே பதறுகிறது' என்பதற்கு ஈடு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் கடலோடு போன ரயிலைப் பற்றிப் பேசும்போது இது பொருந்தும்.

'பேர் வித்' தனி. அதன் பின்னால் ஆள்தான் வர வேண்டும். கணினி மெதுவாக இருக்கிறது, அறைச் சாவி கிடைக்கவில்லை என்றால் வரவேற்பில் இருப்பவர் 'ப்ளீஸ் பேர் வித் மீ ஃபார் எ மினிட்' என்கிறார். 'பேர் வித் த பெயின்' என்று எழுதுவது நம் 'வலியோடு' என்ற நினைப்பில் வரும் பிழை. வலிக்கு 'வித்' வேண்டாம். எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது: பி-ஈ-ஏ-ஆர் என்பதை பி-ஏ-ஆர்-ஈ என்று மாற்றி எழுதினால் அது 'வெற்று, ஆடையற்ற' என்று பொருள்படும் சொல். 'பேர் வித் அஸ்' என்று கதவில் ஒட்டும் விடுதிகள் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம். வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

இறந்த காலம் 'போர்', முற்று வடிவம் 'போர்ன்'. 'பேர்ட்' கிடையாது. இந்தப் போர்ன் கடைசியில் ஈ எழுத்தோடு முடிய வேண்டும். ஈ இல்லாத போர்ன் பிறப்புக்கு மட்டும். டெங்குவைப் பற்றிய அறிவிப்பில் வரும் 'மஸ்கிட்டோ-போர்ன்' கொசு சுமந்து வருவது, ஆகவே ஈ உண்டு.

டாலரேட் சற்று விறைப்பான சொல். அறிவிப்புப் பலகை, மருத்துவச் சீட்டு, அறிவியல் கட்டுரை இவைதான் அதன் வீடு. செயப்பாட்டு வினையில் தடையின்றி வரும்: 'லிட்டரிங் வில் நாட் பி டாலரேட்டட்.' ஸ்டாண்டை இப்படித் திருப்ப முடியாது. பின்னால் 'டு' வராது, 'வித்'தும் வராது. 'டாலரேட் வித்' என்று எழுதுபவர்கள் 'புட் அப் வித்'தையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்துப்போனதற்குக் கடல்நீர் அதிகமாகச் சூடானதே காரணம். அதை எழுதுபவர் 'கோரல்ஸ் கேனாட் டாலரேட் ப்ரோலாங்ட் ஹீட்' என்பார். பவளத்துக்கு வெறுப்பு கிடையாது, ஆகவே ஸ்டாண்ட் பொருந்தாது. உவர்நிலத்தில் வளரும் செடிக்கும் உடல் ஏற்கும் மருந்துக்கும் இதே வினைதான்.

உணவகம் நடத்துபவர்களுக்கு இந்த வேறுபாடு காசு சம்பந்தப்பட்டது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது, அதை அரைத்துப் போட்ட மீன் குழம்பை வைக்கும்போது விருந்தினர் 'ஐ கான்ட் டாலரேட் சில்லி' என்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொருள். மிளகாயே இல்லாமல் செய்ய வேண்டும். 'ஐ கான்ட் ஸ்டாண்ட் சில்லி' என்றால் பிடிக்காது, வேறு பதார்த்தம் காட்டலாம். 'ஐ கான்ட் ஹேண்டில் சில்லி' என்றால் காரத்தைக் குறைத்தால் சாப்பிடுவார். பேச்சில் இந்தக் கடைசி வடிவம்தான் அதிகம் காதில் விழும்.

இதன் பெயர்ச்சொல் டாலரன்ஸ் பட்டறையிலும் வங்கியிலும் வேறு முகம் காட்டும். அங்கே அது அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம். ஏற்றுமதி எல்சிக்கு, அதாவது வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்துக்கு, உள்ள யுசிபி 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பில், அளவுக்கு முன் 'அபவுட்' என்று இருந்தால் 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும், பெட்டி எண்ணிக்கையாகக் குறிப்பிடாத சரக்குக்கு 5 சதவீதம் வரை இடம் உண்டு, எல்சி தொகையைத் தாண்டாதவரை. நண்டு இறைச்சியை எடைக்கணக்கில் அனுப்புவதா பெட்டிக்கணக்கில் அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்டூர், வித்ஸ்டாண்ட் இரண்டும் பேச்சில் அபூர்வம். நெடுநாள் துன்பத்துக்கு என்டூர். பத்து நிமிட வரிசைக்கு அதைப் போட்டால் நாடக வசனமாகிவிடும். வித்ஸ்டாண்ட் என்பது தாக்குப்பிடித்தல், உடையாமல் நிற்பது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், 1964 புயலில் கர்டர்கள் என்னும் உத்தரங்கள் பெருமளவு அடித்துச் செல்லப்பட்டன, கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் பகுதி மட்டும் நின்றது. 'த ஷெர்சர் ஸ்பேன் வித்ஸ்டுட் த சைக்லோன்.' ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டதைச் சொல்ல வேறு வினை வேண்டும், வித்ஸ்டாண்ட் மீள்வதைக் குறிக்காது.

எதை முதலில் கற்பது என்றால், பேசுவதற்கு 'கான்ட் ஸ்டாண்ட்', 'புட் அப் வித்' இரண்டும் போதும். வரவேற்பறையில் வேலை என்றால் 'பேர் வித் மீ' சேர்த்துக்கொள்ளுங்கள், ஏற்றுமதி என்றால் 'பேர் த காஸ்ட்'. டாலரேட்டைப் படிக்கும்போது புரிந்துகொண்டால் போதும், வாயில் வர வேண்டிய அவசியமில்லை. நம் பாடநூல் ஆங்கிலம் அதை முதலில் சொல்லிக்கொடுத்துவிடுவதால், 'ஐ கேனாட் டாலரேட் த ட்ராஃபிக்' என்று சாதாரணப் பேச்சிலும் அது வந்துவிடுகிறது. பிழை இல்லை, ஆனால் மனு எழுதுவது போலக் கேட்கும்.

பெயரடைகளில் ஒரு எச்சரிக்கை. அன்பேரபிள், இன்டாலரபிள் உண்டு. ஸ்டாண்டுக்கும் புட் அப் வித்துக்கும் பெயரடையே இல்லை, 'அன்ஸ்டாண்டபிள்' என்று யாரும் சொல்வதில்லை. டாலரபிள் என்பதைப் பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கீழக்கரையில் ஒரு வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு 'த ஃபுட் வாஸ் டாலரபிள்' என்றால், ஏதோ வாயில் வைக்கும்படி இருந்தது என்று அர்த்தம்.